வயற்காட்டு ரேடியோவுக்கு எந்த லேப்டாப்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் வானொலியில், ரேடியோப் பெட்டிக்குள் முன்பு சுருள்களும் ஃபில்டர்களும் செய்த வேலையைக் கணினி நிரல் செய்கிறது. ஆன்டெனாவில் வரும் அலையை விரல் நீள டாங்கிள் ஒன்று எண்களாக்கி யு.எஸ்.பி. வழியே அனுப்பும், மிச்சத்தை லேப்டாப் பார்த்துக்கொள்ளும். டிஜிட்டல் டி.வி. பார்க்கச் செய்யப்பட்ட ரியல்டெக் ஆர்.டி.எல்.2832யு சிப்பை இப்படிப் பயன்படுத்தலாம் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் இது சாதாரண ஹாம் ரேடியோ ஆர்வலரின் கைக்கும் எட்டியது.

திண்டுக்கல் நகரத்து மொட்டைமாடியில் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலில், 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் மெல்லிய குரல்கள் அமுங்கிப்போகும். அதனால்தான் சாமான்களைக் கட்டிக்கொண்டு சிறுமலை அடிவாரத்துக்கோ ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கோ போக வேண்டியிருக்கிறது. அங்கே கொண்டுபோகும் லேப்டாப்பைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: எஸ்.டி.ஆருக்குக் கேமிங் லேப்டாப் தேவை.

கணக்குப் போட்டால் இது நிற்காது. சாதாரண ஆர்.டி.எல். டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கும். மாதிரிக்கு 2 பைட். ஆக நொடிக்கு 4.8 மெகாபைட். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையின் கொள்ளளவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டுப் பத்து ஆண்டுக்கு முந்தைய ஐ5 பிராசசரும் 8 ஜி.பி. ரேமும் இதைச் சிரமமின்றிச் சமாளிக்கும். நொடிக்கு 2 கோடி மாதிரிகள் வரை எடுக்கும் ஹேக்ஆர்.எஃப். போன்ற கருவியை முழு வேகத்தில் ஓட்டுபவருக்குத்தான் கூடுதல் வலு வேண்டும். நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளை கட்டாயம் என்பதும் இதே வகைப் பேச்சு. சொல்லப்போனால், அந்தத் துளையும் அதில் மாட்டும் கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆவணப்படுத்தியது.

கேமிங் லேப்டாப்பின் உண்மையான விலை பேட்டரியில் தெரியும். 50 வாட்-மணி பேட்டரி, 12 வாட் இழுக்கும் சாதாரண லேப்டாப்புக்கு நான்கு மணி நேரம் வரும். 40 வாட் இழுக்கும் இயந்திரத்துக்கு அதே பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான். பேட்டரி நேரம் ஏன் முக்கியம் என்றால், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்மாவட்டங்கள் வழியாகத் திண்டுக்கல் பக்கம் வரை வந்து போனது. டெல்டாவில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆயிற்று. பேரிடர் நேரத்தில் உதவத்தான் ஹாம் ரேடியோ என்று சொல்லிக்கொள்பவர், சுவர் பிளக்கை நம்பி லேப்டாப் வாங்குவதில் பொருளில்லை.

நம்பிக்கை: இரைச்சல் வெளியிலிருந்துதான் வருகிறது, வெட்டவெளிக்குப் போய்விட்டால் தீர்ந்தது.

பாதி உண்மை. மீதி இரைச்சல் கூடவே பையில் வருகிறது. லேப்டாப் சார்ஜர் ஒரு ஸ்விட்ச் மோட் மின்வழங்கி. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால், அதன் எச்சங்கள் சிற்றலைப் பட்டைகள் முழுவதும் சிதறும். காரிலிருந்து இன்வெர்ட்டர் போட்டு அதில் சார்ஜரை மாட்டினால் தொல்லை இரட்டிப்பு. சோதிப்பது எளிது: 7 மெகாஹெர்ட்ஸில் ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, திரையில் இரைச்சல் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்க வேண்டும். கோடு சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுவே.

வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. சிற்றலை எடுக்கும் சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவை நிலையமில்லாத இடத்தில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் விசைப்பலகை, திரை ஓரம், சார்ஜர் வயர் மீதெல்லாம் நகர்த்த வேண்டும். சில லேப்டாப்புகளிடம் ஒரு சாண் தள்ளியதும் இரைச்சல் அடங்கும். சில ஒரு கஜத்துக்கு அப்பாலும் கிரீச்சிடும். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. விளம்பரத் தாளில் எந்த நிறுவனமும் இந்தத் தகவலை அச்சிடுவதில்லை. முற்றிலும் ஊமையான லேப்டாப்பும் கிடையாது. ஆகவே ஆன்டெனாவைப் பத்து மீட்டராவது தள்ளிக் கட்டுவதும், யு.எஸ்.பி. வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் எப்படியும் தேவை.

நம்பிக்கை: நல்ல லேப்டாப் வாங்கினால் நன்றாகக் கேட்கும்.

கேட்கும் திறன் டாங்கிளிலும் ஆன்டெனாவிலும் இருக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் இதற்குக் கண்கூடான சான்று கொடைக்கானல். சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையிலிருந்து அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் வலுவுடன் ஒலிபரப்புகிறது. 8 பிட் டாங்கிள் ஒரே நேரத்தில் கையாளும் வலு வீச்சு ஏறத்தாழ 50 டெசிபெல்தான். கெயினைக் கூட்டி வைத்து 145.8 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தைத் தேடினால், அந்த வலுவான பண்பலை டாங்கிளைத் திணறடிக்கும். இல்லாத இடத்தில் பொய்ச் சிக்னல்கள் முளைக்கும். லட்ச ரூபாய் லேப்டாப்பும் இதைச் சரிசெய்யாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் சிறு ஃபில்டர் சரிசெய்யும்.

நம்பிக்கை: இன்டர்நெட் இல்லாத இடத்தில் எஃப்.டி.8 நடக்காது.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-இல் தந்த எஃப்.டி.8 என்ற இந்த டிஜிட்டல் தொடர்பு முறை 15 நொடிச் சுற்றுகளில் ஓடுகிறது. அதற்கு இணையம் தேவையில்லை. கடிகாரம் ஓரிரு நொடிக்கு மேல் பிசகாமல் இருந்தால் போதும். கிளம்புமுன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அல்லது யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். ஒன்றை மாட்டலாம். அலை அனுப்புவதற்குத் தேவை மத்திய அரசின் ஹாம் உரிமம்.

நம்பிக்கை: வட்டின் அளவு பெரிய விஷயமில்லை.

அலைப்பட்டையை அப்படியே பதிவுசெய்தால், 24 லட்சம் மாதிரி வேகத்தில் மணிக்கு 17 ஜி.பி. ஆகும், 16 பிட் கோப்பாகச் சேமித்தால் அதன் இருமடங்கு. ஆகவே 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஜீப்பின் குலுக்கலுக்கு ஆகாது.

திரையும் வெப்பமும் கடையில் தெரியாதவை. 250 நிட் வெளிச்சமுள்ள திரை சித்திரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான். 400 நிட்டாவது இருந்தால் தென்னை நிழலில் சிக்னல்களைக் காட்டும் வாட்டர்ஃபால் படம் தெரியும். பெரும்பாலான லேப்டாப்புகள் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கத் தகுதி பெற்றவை. கோடையில் திண்டுக்கல் அதைத் தாண்டும்.

நம்பிக்கை: பழைய லேப்டாப் உதவாது.

அலுவலகங்கள் கழித்துவிடும் வணிக ரக லேப்டாப்புகளே இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். உறுதியான உடல், மாற்றக்கூடிய உதிரிகள், போதிய யு.எஸ்.பி. துளைகள் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், பலவற்றில் லினக்ஸ் போடுவதே நல்லது, எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ், ஜி.க்யூ.ஆர்.எக்ஸ். இரண்டும் அதில் ஓடும். டாங்கிளை டி.வி. கருவி என்று எண்ணி லினக்ஸே பிடித்துக்கொண்டால், அந்த டி.வி. டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பணம் கொடுக்குமுன் பேட்டரி அறிக்கையைப் பார்ப்பது முக்கியம்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்று முழுச் சார்ஜில் நிற்கும் அளவும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசவும்.