கழுத்தில் முண்ணாண் நசிந்தால்: சத்திரசிகிச்சை முன்னாலா, பின்னாலா?

சட்டைப் பொத்தான் பூட்டக் கை வழங்குவதில்லை, கையெழுத்து மாறிவிட்டது, நடக்கும்போது கால் தள்ளாடுகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் இப்படிச் சொன்னால் "வயது போனால் அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் கழுத்தில் முண்ணாண் நசிபடுவதற்கும் இவையே அறிகுறிகள். முண்ணாண் என்பது மூளையிலிருந்து முள்ளந்தண்டின் நடுவால் இறங்கும் நரம்புத் தண்டு. வயதுடன் கழுத்து வட்டுகள் தேய்ந்து பிதுங்கவும், என்புகள் துருத்தி வளரவும் அது செல்லும் பாதை ஒடுங்குகிறது. கழுத்து நோ இல்லாமலேயே இது வரலாம். பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நசிவு கூடிக்கொண்டு போனால் சத்திரசிகிச்சைதான் வழி. முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் நிறுத்துவது; இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முன்பக்கமாகச் செய்யும்போது தொண்டையின் ஒரு பக்கத்தில் வெட்டி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, பழுதான வட்டை எடுத்துவிட்டு, மேல் கீழ் என்புகளைப் பொருத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் முன்னாலிருந்து அழுத்தம் இருந்தால் பெரும்பாலும் இதுவே. பல இடங்களில் நசிந்திருந்தால் பின்பக்கமாகச் செய்வதுண்டு. அதில் என்பின் பின்கூரையை எடுத்துவிட்டு ஆணிகளால் இறுக்குவார்கள். அல்லது ஜப்பானிய வைத்தியர்கள் 1970களில் வளர்த்தெடுத்த முறைப்படி, கூரையை எடுக்காமல் கதவு திறப்பதுபோல் விரித்துவிடுவார்கள். இதில் கழுத்தின் அசைவு ஓரளவு மிஞ்சும். கழுத்து முன்பக்கம் கூனியிருப்பவர்களுக்குப் பின்வழி மட்டும் போதாமல் போகலாம். பின்னால் இடம் விட்டாலும் முண்ணாண் முன்னாலுள்ள என்பிலேயே அழுந்தி நிற்கும்.

இரண்டு வழியும் பொருந்துமென்றால்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 163 நோயாளரிடம் இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு வருடத்தின் பின் உடல்நல முன்னேற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் முன்வழியில் 48 வீதம், பின்வழியில் 24 வீதம். இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்! முன்வழிச் சிக்கல்களில் பெரும்பாலானவை விழுங்குவதில் ஏற்பட்ட சிரமம். பலருக்கு இது நாளடைவில் குறையும். புதிதாக நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது முன்வழியில் 2 வீதம், பின்வழியில் 9 வீதம். தோளைத் தூக்க முடியாமற் போவது பின்வழியில் வைத்தியர்கள் அஞ்சும் ஒன்று. முன்வழியில் குரல் கரகரக்கவும் கூடும். பாடுபவர்களும் ஆசிரியர்களும் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது.

எத்தனை இடத்தில் நசிவு, கழுத்தின் வளைவு எப்படி, இரண்டு வழியும் எனக்குப் பொருந்துமா, நீங்கள் அதிகம் செய்வது எது? இந்த நான்கையும் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது சங்கடமான விடயங்களை விழுங்கிவிடுவதுண்டு. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். அதுவரை கழுத்தை முறித்துச் சொடக்கெடுக்கும் மசாஜ் வேண்டாம். நடை திடீரென மோசமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமற் போனாலோ தவணைக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.