இடுப்பின் பாரத்தைக் குறைக்க அணியும் இயந்திரம்

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டுவோரும், நாற்று நடும் பெண்களும் பொழுதுக்கும் குனிந்தே வேலை செய்கிறார்கள். இவர்களுக்கு வரும் இடுப்புவலியைக் குறைக்க வழி உண்டா? உடலில் அணியும் இயந்திரச் சட்டகங்களைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ச்சி நடந்து வருகிறது.

வலி ஏன்?

முதுகுத் தசை, முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி இருந்து இழுக்கிறது. 20 கிலோ சுமையை 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்கினால், சுமைக்காக மட்டும் தசை சுமார் 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடலின் எடை இதற்கு மேல்.

இரு வகைகள்

முதல் வகை மோட்டாரால் இயங்குவது. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், சுமார் 680 கிலோ தூக்கும் சட்டகத்தைச் செய்ய முயன்றது. அதன் எடையும் ஏறக்குறைய அதே அளவு; முழுமையாக இயங்கவில்லை. 2009இல் டோக்கியோ விவசாய, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உழவர்களுக்கென மோட்டார் உடை ஒன்றைச் செய்து, முள்ளங்கி பிடுங்கிக் காட்டியது.

இரண்டாவது வகைக்கு மின்சாரம் வேண்டாம். சுருள்வில் அல்லது ரப்பர் பட்டையே போதும். இது நம் ஏற்றத்தைப் போன்றது. சாலை இறக்கும்போது துலாவின் பின்னால் கட்டிய கல் உயர்கிறது. நீரோடு சால் மேலே வரும்போது அக்கல்லின் எடை துணை செய்கிறது. அதுபோலவே குனியும்போது பட்டை இழுபட்டு, நிமிரும்போது உடலைத் தூக்கிவிடுகிறது. கணுக்காலில் பொருத்திய இத்தகைய கருவி, நடப்பதற்கான சக்திச் செலவை 7 சதவீதம் குறைத்ததாக 2015இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

நமக்கு ஏற்குமா?

சேற்றில் நடக்கவும், வெயிலில் வியர்வை காயவும் தடையாக இருக்கும் கருவி பயன்படாது. புடவை மேல் சட்டை போட்டு நடவு செய்யும் பெண்ணுக்கும் அது பொருந்த வேண்டும். அளவு பொருந்தாவிட்டால், பாரம் இடுப்பிலிருந்து தோளுக்கோ தொடைக்கோ மாறுமே தவிரக் குறையாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், இந்திய விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளையும் வலிமையையும் தொகுத்து 2009இல் வெளியிட்டுள்ளது. இங்கு கருவி செய்வோர் அவ்வளவுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

சுமையை உடலோடு ஒட்டிப் பிடிக்கவும். 40 செ.மீ. தூரம் 20 ஆகக் குறைந்தால், அச்சுமைக்கான இழுப்பும் பாதியாகும். முழங்காலை மடக்கித் தூக்கவும். 45 கிலோ யூரியா மூட்டையை இருவராகத் தூக்குவது நலம். கரும்புக் கட்டைச் சிறிதாகக் கட்டினால் நடை ஒன்று கூடும், இடுப்பு தப்பும்.