காயத்திற்குப் பின் ஆட்டத்திறன்: பந்து வீச்சாளரின் கணக்கைப் படிக்கும் முறை

பெருங்காயமுற்று ரண சிகிச்சை செய்துகொண்ட ஆட்டக்காரர் ஒருவர் மீண்டும் களம் இறங்கும்போது, இவர் பழையபடி ஆடுவாரா என்னும் கேள்வி எழுவது இயல்பு. இக்கேள்வி நாளிதழ்களோடு நின்றுவிடுவதன்று. பள்ளி அணியில் வேகமாகப் பந்து வீசும் மாணவன் ஒருவன் இடுப்பு வலியென்று இரண்டு மாதம் ஒதுங்கியிருந்து திரும்பும்போது, உடற்பயிற்சி ஆசிரியரும் இதே கேள்வியைத்தான் எதிர்நோக்குகிறார். விடை கூறுமுன் கேள்வியையே சற்றுத் திருத்தி அமைத்துக்கொள்ளுதல் நலம். எந்நிலையோடு எந்நிலையை ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாகாவிடில் கணக்குகள் நம்மை ஏமாற்றிவிடும்.

இப்பொருளைக் கற்பதற்குப் பெங்களூரைவிட ஏற்ற இடம் இந்நாட்டில் அரிது. தேசியக் கிரிக்கெட் பயிற்சிக் கழகம் 2000ஆம் ஆண்டில் அந்நகரில் நிறுவப்பட்டது; 2024 செப்டம்பரில் விமான நிலையத்திற்கு அருகே அதற்கெனப் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. காயமுற்ற இந்திய ஆட்டக்காரர்கள் உடலைத் தேற்றிக்கொள்ளப் பெரும்பாலும் அங்கேதான் அனுப்பப்படுகின்றனர். அக்கழகம் தோன்றுமுன்பே கர்நாடக மாநிலம் இப்பாடத்திற்கு உதாரண புருஷர் ஒருவரைத் தந்திருந்தது. இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்துபோன பி. எஸ். சந்திரசேகர், அக்கையாலேயே பந்து வீசிப் புகழ் பெற்றவர். 1967-68 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் அவர் காயமுற்றார். பின்னர் ஸ்கூட்டர் விபத்து ஒன்றும் நேர்ந்தது. அதன் பின் 1971 வரை அவர் டெஸ்ட் பந்தயம் ஆடவில்லை. திரும்பி வந்த அவ்வாண்டின் ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்றது அப்பொழுதுதான். 1972-73 தொடரில் அதே அணிக்கு எதிராக 35 விக்கெட்டுகள் எடுத்தார்.

அடுத்தவர் அனில் கும்ப்ளே. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் முப்பதாவது வயதில், அவர் தோளில் ரண சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. ஆஸ்திரேலிய அணி அவ்வாண்டு இந்தியா வந்தபோது அவரால் ஆட இயலவில்லை. அத்தொடரில் ஹர்பஜன் சிங் மூன்று பந்தயங்களில் 32 விக்கெட்டுகள் வீழ்த்தித் தமக்கென ஓர் இடத்தை உறுதி செய்துகொண்டார். ஆகவே திரும்பி வந்த கும்ப்ளே தம் தோளோடு மட்டுமன்றி, தம் இடத்தில் நின்ற மற்றொருவரோடும் போட்டியிட வேண்டியதாயிற்று. மீள்வருகையைப் பற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவருடைய முந்நூறாவது டெஸ்ட் விக்கெட் 2001 டிசம்பரில், சொந்த ஊராகிய பெங்களூரிலேயே, சிகிச்சைக்குப் பின்னரே வீழ்ந்தது. 2008இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் இருந்தவை 619. அதாவது, அவருடைய விக்கெட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை தோள் அறுக்கப்பட்ட பின் கிடைத்தவை. 2003-04 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மட்டும் மூன்று பந்தயங்களில் 24 விக்கெட்டுகள் பெற்றார்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவ்வாட்டத்தில் பந்தை எறிபவர் முழங்கையை மடக்கி, சவுக்கைச் சொடுக்குவதுபோல் எறிகிறார். கிரிக்கெட்டில் கை நீட்டியபடி சுழல்வதால் சுமை தோளையும் முதுகையும் தாக்குகிறது. பேஸ்பாலிலோ முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளை இணைக்கும் நார் அறுந்துபோகிறது. 1974இல் டாமி ஜான் என்னும் இடக்கை வீச்சாளருக்கு அந்நார் அறுந்தபோது, பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர் அவரது வலக்கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து இட முழங்கையில் பொருத்தினார். ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்து 1976இல் திரும்பிய ஜான், 1989 வரை ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளுள் 164 சிகிச்சைக்குப் பின் பெற்றவை. அச்சிகிச்சை இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்விரு வரலாறுகளையும் படித்தவுடன், ரண சிகிச்சை ஆட்டத்திறனை வளர்க்கிறது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அமெரிக்காவில் அவ்வாறு நம்பும் பெற்றோரும் பயிற்சியாளரும் உண்டு. அது தவறான நம்பிக்கை. முதலாவதாக, நாம் பெயர் சொல்லும் அனைவரும் திரும்பி வந்தவர்கள். திரும்பாதவர்களுக்கு விக்கெட்டுக் கணக்கே இல்லை. ஆகவே அவர்கள் சராசரியில் சேர்வதும் இல்லை. விளைந்த வயலை மட்டும் அளந்து மாவட்டத்தின் மகசூலைக் கூறுவோமாயின் எத்தகைய பிழை நேருமோ, அத்தகைய பிழை இது. மேலும், காயம் ஒரே நாளில் தோன்றுவதன்று. கையோ முதுகோ பழுதுபட்டுக்கொண்டே வரும் மாதங்களில் ஆட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். சிகிச்சைக்கு முந்தைய அந்த ஓராண்டை அளவுகோலாகக் கொண்டால், பின்வருவது எல்லாம் வளர்ச்சியாகவே தோன்றும். ஆட்டக்காரரின் மிகச் சிறந்த ஆண்டை அளவுகோலாகக் கொண்டாலோ, வயது ஏறியதால் மட்டுமே வந்த தளர்ச்சியும் காயத்தின் தலையில் ஏற்றப்படும். ஒரே வயதினரும் காயமுறாதவருமான வேறு ஆட்டக்காரரோடு ஒப்பிடுவதே முறையாகும். அது கடினமான வேலைதான். எனினும் வேறு குறுக்கு வழி இல்லை.

இனி, வேகப் பந்து வீச்சாளரின் முதுகெலும்பிற்கு வருவோம். நம் பள்ளிகளுக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுவே.

ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில் தரை திருப்பித் தாக்கும் விசை, உடலின் எடையைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இருக்கக்கூடும். அதே கணத்தில் உடல் பின்னும் பக்கவாட்டிலும் வளைந்து முறுக்கேறுகிறது. இவையனைத்தும் இடுப்புப் பகுதி முள்ளெலும்பின் பின்வளைவிலுள்ள ஒரு மெல்லிய பகுதியில் குவிகின்றன. வலக்கையால் வீசுபவனுக்கு இடப்புறத்திலும், இடக்கையால் வீசுபவனுக்கு வலப்புறத்திலும் பெரும்பாலும் பழுது தோன்றுகிறது. ஒரே அடியில் நேராமல், பன்முறை தாங்கிய சுமையால் நேர்வதால் இதனைக் களைப்பு முறிவு எனலாம். கம்பியைப் பலமுறை வளைத்தால் ஒடிவதை மாணவர் அறிவர். ஆனால் எலும்பு கம்பியன்று, உயிருள்ளது. சுமை மிகும்போது அது பழைய பகுதியை முதலில் அரித்து நீக்கிவிட்டு, பிறகே புதியதை இட்டு நிரப்புகிறது. நீக்குவதற்குச் சில வாரங்கள் போதும்; நிரப்புவதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே பயிற்சியைத் திடீரெனப் பெருக்கிய முதற் சில வாரங்களில் எலும்பு முன்னிலும் நலிந்தே இருக்கிறது. வளரும் வயதுச் சிறுவர்க்கு இந்த அபாயம் அதிகம். இடுப்பு முள்ளெலும்புகள் முழு வலிமை பெற இருபது வயதைக் கடக்கவேண்டும்.

ஜஸ்பிரீத் பும்ராவின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 2019இல் அவர் கீழ்முதுகில் சிறிய களைப்பு முறிவு கண்டறியப்பட்டது. கத்தியின்றியே தேறி, 2020 ஜனவரியில் திரும்பினார். 2022இல் மீண்டும் முதுகு வலி. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு இருபது ஓவர்ப் பந்தயங்கள் ஆடிப் பார்த்தார். உடல் இடம் கொடுக்கவில்லை. உலகக் கோப்பையை இழந்தார். 2023 ஜனவரியில் அணியில் பெயர் சேர்க்கப்பட்டு, ஆடாமலே விலக்கப்பட்டது. அதன் பின்னரே, மார்ச்சு மாதத்தில் நியூசிலாந்தில் ரண சிகிச்சை நடந்தது. பெங்களூர்ப் பயிற்சிக் கழகத்தில் உடலைத் தேற்றிக்கொண்டு, ஆகஸ்டில் அயர்லாந்தில் நான்கு ஓவர் ஆட்டத்தோடு தொடங்கினார். சிகிச்சைக்கு முன் 30 டெஸ்ட் பந்தயங்களில் 128 விக்கெட்டுகள், சராசரி 22க்குச் சற்றுக் குறைவு. 2024ஆம் ஆண்டில் மட்டும் 13 பந்தயங்களில் 71 விக்கெட்டுகள், சராசரி 15க்கும் குறைவு. இத்துடன் கணக்கை மூடிவிட்டால் வெற்றிக் கதையாக முடியும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஐந்து பந்தயங்களில் 32 விக்கெட்டுகள் வீழ்த்திய அவர், 2025 ஜனவரியில் சிட்னியில் கடைசி இன்னிங்சில் முதுகுப் பிடிப்பால் பந்து வீச இயலாது அமர்ந்திருந்தார். மீண்டும் பெங்களூர். அடுத்து வந்த இங்கிலாந்துத் தொடரின் ஐந்து பந்தயங்களில் மூன்றில் மட்டுமே அவரை ஆடவிட்டனர்.

இங்கே இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று, ஆடிய நாளில் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பது. மற்றொன்று, எத்தனை நாள் ஆட முடிந்தது என்பது. முதற்கணக்கு முன்னைவிட உயர்ந்திருக்கையில் இரண்டாவது குறைந்திருக்கக்கூடும். முன்பு காயமுற்ற இடமே பின்னும் காயமுறுவதற்கு மிக்க வாய்ப்புடையது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிலைபெற்ற உண்மை.

மட்டையாளர் நிலை சற்று வேறு. 2022 டிசம்பர் 30இல் மோட்டார் விபத்தில் முழங்கால் நார்கள் சிதைந்த ரிஷப் பந்த், பெங்களூரில் நெடுநாள் தேறி, 2024 செப்டம்பரில் சென்னையில் தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 109 ரன்கள் எடுத்தார். விக்கெட் காப்பாளரான அவருக்கு உட்கார்ந்து எழும் வேலையே மட்டை வீச்சைவிடக் கடும் சோதனையாக இருந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு இதில் செயற்பாலது யாது? நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். வேகமாக வீசும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பக்கம். நாள்தோறும் அவன் வீசிய ஓவர்கள் எத்தனை என்று அதில் குறிக்க வேண்டும். பந்தயத்தில் வீசியதோடு பயிற்சியில் வீசியதையும், மாலையில் தெரு அணிக்காக வீசியதையும் அவனைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இம்மூன்றாவதுதான் விட்டுப்போகிறது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தொடர்ச்சியாக 5 ஓவருக்கும், ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வேகமாக வீசக்கூடாதென வரையறுத்துள்ளது. நம் பள்ளிகளுக்கும் அது தக்க தொடக்கமே. ஒரு வாரத்தின் தொகை முந்தைய வாரங்களின் சராசரியைவிட வெகுவாக ஏறியிருந்தால் அடுத்த வாரம் குறைக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த முதல் மாதத்திலும், மண்டலப் போட்டிகளுக்கு முந்தைய வாரங்களிலும் இத்தொகையைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

காயமுற்றுத் திரும்பும் மாணவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாகாது. வலி நீங்கியது எலும்பு கூடியதற்கு அடையாளமாகாது. வலி முன்னதாகவே நீங்கிவிடும். ஓய்வெடுத்த காலத்தில் தசைகளும் தளர்ந்திருக்கும். மருத்துவர் அனுமதித்த பின், மெதுவான ஓட்டத்துடன் சில பந்துகள், ஒரு நாள் இடைவெளி, பின்னர் ஓர் ஓவர் என ஏற்றிச் செல்லலாம். பக்கத்தின் தலைப்பில் பழைய காயத்தின் இடமும் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; மாணவன் வேறு பள்ளிக்கு மாறிச் செல்வானாயின் அப்பக்கத்தின் பிரதியும் உடன் செல்லுதல் நலம். பின்னோக்கி வளைகையில் இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வலிக்கிறதென்று எந்த மாணவனாவது கூறினால், தைலம் தடவிப் பந்தைக் கையில் கொடுக்காமல், அன்றே பந்து வீச்சை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொடக்கநிலைக் களைப்பு முறிவு சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் தென்படாமலிருப்பதும் உண்டு. ஆகையால் படத்தில் ஒன்றுமில்லை என்று அவன் திரும்பி வந்தாலும், வலி தொடருமாயின் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்கும் வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கேட்கலாம்.