சிவப்பு விளக்கு சொன்ன சேதி

செல்வம் வேன் ஓட்டுகிறார். ஊர் கோலார் தங்கவயல். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. செல்வம் டிரைவர் வேலை கற்றுக்கொண்டார். பிறகு கடன் வாங்கி ஒரு வேன் வாங்கினார்.

இரவில் கோலார் மண்டியில் தக்காளி ஏற்றுவார். விடிவதற்குள் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் தக்காளியின் விலை இறங்கும். வாடகையிலும் பிடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் இரவு வேனில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் பேட்டரி படம் இருந்தது. 'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்று செல்வம் விட்டுவிட்டார். போகப் போக ஹெட்லைட் மங்கியது. ஹார்ன் கம்மியது. வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. வண்டி கிளம்பவில்லை.

அன்று பாதி வாடகைதான் கிடைத்தது. மறுநாள் செல்வம் புது பேட்டரி வாங்கினார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. மூன்றாம் நாள் புது பேட்டரியும் படுத்துவிட்டது.

செல்வம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்தோணியிடம் போனார்.

"அண்ணே, கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார். பேட்டரி மட்டம்" என்றார்.

"அவசரப்படாதே தம்பி. முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்போம். பிறகு யார் மேல் தப்பு என்று சொல்லலாம்" என்றார் அந்தோணி.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பேட்டரி தண்ணீர்த் தொட்டி மாதிரி. வண்டியைக் கிளப்ப மின்சாரம் கொடுக்கும். ஆல்டர்னேட்டர் மோட்டார் பம்பு மாதிரி. தொட்டியை மறுபடி நிரப்பும். இதை டைனமோ என்றும் சொல்வார்கள். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் இதைச் சுற்றும். அப்போது மின்சாரம் உண்டாகும். ஓடும் வண்டியின் விளக்குக்கும் ஹார்னுக்கும் இதுதான் மின்சாரம் தருகிறது. மிச்சம் பேட்டரிக்குப் போகிறது.

பம்பு கெட்டால் தொட்டி காலியாகும். புதுத் தொட்டி வைத்தாலும் காலியாகும்.

மீட்டர் படிப்போம்

அந்தோணி மல்டிமீட்டரை எடுத்தார். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்தார். சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்தார். கறுப்பு முனையை மைனஸில் வைத்தார். இன்ஜின் ஓடவில்லை. மீட்டர் 11.9 காட்டியது.

"நிரம்பிய பேட்டரி 12.6 காட்டும். 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணையும் படி தம்பி. அதில்தான் விஷயம் இருக்கிறது" என்றார்.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். சிவப்பு விளக்கு அணையவில்லை. மீட்டர் 11.8 காட்டியது.

"இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இங்கே ஏறவே இல்லை. அப்படியானால் சார்ஜ் ஆகவில்லை. பேட்டரி மேல் தப்பில்லை."

அந்தோணி இன்ஜினை நிறுத்தினார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. ஒயர்களையும் டெர்மினல்களையும் பார்த்தார். சரியாக இருந்தன. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார். பிறகு ஆல்டர்னேட்டரைக் கழற்றினார். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகி இருந்தது.

பிரஷ் மாற்றினார். பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜரில் போட்டார். காலையில் எல்லாவற்றையும் மாட்டி வண்டியைக் கிளப்பினார். சிவப்பு விளக்கு அணைந்தது. மீட்டர் 14.1 காட்டியது. ஹெட்லைட் போட்டபோதும் 13.7 இருந்தது.

செலவு பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குதான். செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல் நாளே வந்திருந்தால் பள்ளிக் கட்டணம் மிஞ்சியிருக்குமே அண்ணே" என்றார்.

இப்போது அவரிடம் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. ஒரு நோட்டும் இருக்கிறது. வாரம் ஒருமுறை இரண்டு எண்களை அதில் எழுதுகிறார். ஒன்று, காலையில் வண்டியைக் கிளப்பும் முன். மற்றது, கிளப்பிய பின்.

எந்தக் குறைக்கு என்ன காரணம்?

1. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. சாவி போட்டும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம்.

2. கிளப்பும்போது 'கீச்' என்ற சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும்.

3. டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

4. மீட்டர் 15க்கு மேல் காட்டினால் சார்ஜ் அதிகமாக ஏறுகிறது. ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரி சூடாகும். அழுகிய முட்டை நாற்றம் வரும். பல்புகள் அடிக்கடி போகும்.

5. பகலில் சார்ஜ் சரியாக ஏறுகிறது. ஆனால் காலையில் பேட்டரி காலி. அப்படியானால் நிற்கும் வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. உள்விளக்கு எரியலாம். ஆல்டர்னேட்டரின் டயோடு கெட்டிருக்கலாம். பேட்டரியே பழசாகியும் இருக்கலாம்.

சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கு வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். டயோடும் கம்ப்யூட்டரும் கெட்டுவிடும். பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிய பின் உடனே மருத்துவரிடம் போங்கள். ஓடும் பெல்ட் அருகில் துண்டு, சேலைத் தலைப்பு போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

பயிற்சி

1. செல்வத்தின் புது பேட்டரி ஏன் காலியானது?

2. இன்ஜின் ஓடும்போது மீட்டர் 12.1 காட்டுகிறது. சார்ஜ் ஆகிறதா?

3. ஒரு வண்டியில் கிளப்பும் முன் 12.4. கிளப்பிய பின் 14.1. எவ்வளவு கூடியது?

4. கோடிட்ட இடத்தை நிரப்புக: பேட்டரியை நிரப்புவது ________.

5. உங்கள் ஊரில் வண்டி ஓட்டுபவரிடம் கேளுங்கள்: "சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள்.