கடல் திரும்பும் நேரம்

கேள்வி: குஜராத்தில், தஹேஜ் பக்கம் படகுத்துறை கட்டும் வேலைக்குப் போகிறேன். அங்கே கடல் சட்டென்று ஏறிவிடுமாமே?

பதில்: உண்மைதான். சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். தஹேஜ் இருக்கும் காம்பே வளைகுடாவில், பாவ்நகர் அருகே, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி 10 மீட்டரைத் தாண்டும். ஏற ஆறு மணி நேரம் ஆகுமே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அதில் பாதி உயரம் நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடும். போதாததற்குச் சேறு வேறு. முழங்கால்வரை புதைந்தால் தனியாளாகக் காலை உருவுவது கஷ்டம். ஓத அட்டவணை மேஸ்திரியிடம் இருந்தால் போதாது, உங்கள் செல்போனிலும் இருக்கட்டும். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் திரும்புமுன் கரையேறிவிடுங்கள், மிச்ச வேலை அடுத்த இறக்கத்துக்கு. லைஃப் ஜாக்கெட் தராமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள்.