வெளியே சொல்லாத குறை, இதயம் விடும் எச்சரிக்கை



நாற்பது வயதைக் கடந்த ஆண்கள் பலர் மருத்துவரிடம்கூட வாய் திறக்காத ஒரு குறை உண்டு. இல்லற உறவின்போது உறுப்பு போதிய விறைப்பை அடையாமலோ, அடைந்தும் நிலைக்காமலோ போவதுதான் அது. 'வயசாகிவிட்டது' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் விளம்பரத்தை நம்பி, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் போலி வைத்தியரிடம் லேகியம் வாங்கி ஏமாறுகிறார்கள். இது இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

விறைப்பு ஏற்பட ஆண்குறிக்கு இரத்தம் தாராளமாகப் பாய வேண்டும். இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை இந்த உட்சுவரைக் கெடுக்கின்றன. கேடு உடம்பு முழுவதும் பரவுகிறது. ஆனால் ஆண்குறியின் இரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உடையது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆகவே சிறிய குழாயில்தான் பாதிப்பு முதலில் தெரிகிறது. நெஞ்சுவலி வருவதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவதுண்டு. அந்த இடைவெளி நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

இக்குறை உள்ள எல்லாருக்கும் இதய நோய் என்று பொருளல்ல. மனக்கவலையாலும் சில மாத்திரைகளாலும்கூட வரலாம். திடீரென்று தொடங்கி, அதிகாலையில் மட்டும் இயல்பான விறைப்பு இருந்தால் மனம் காரணமாக இருக்கலாம். சிறுகச் சிறுகக் கூடி, அதிகாலையிலும் இல்லாமல் போனால் இரத்தக்குழாயைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். தேவையானால் ஈசிஜி எடுக்கச் சொல்வார்.

2. பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். பிரியாணி, பொரித்த இறைச்சியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

3. விறைப்புக்கான மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் விழுங்கினால், இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

4. இரத்தக் கொதிப்பு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

சகோதரிகளே, கணவர் ஒதுங்கிப் போனால் கோபமோ சந்தேகமோ கொள்ளாமல், பரிசோதனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் நோயை மறைத்து, குடும்பத்தைத் தவிக்கவிடும் அளவுக்கு அது போகக் கூடாது.