காயப்பட்ட நாய்க்கு உதவி: உண்மையா, ஏமாற்றா?

2009 இடப்பெயர்வில் வளர்த்த நாய்களை விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மில் பலர். அதனால், கைத்தொலைபேசியில் காயப்பட்ட நாயின் படத்தைக் காட்டி உதவி கேட்டால் மனம் உடனே இளகுகிறது. இந்த இரக்கத்தை வைத்துப் பிழைப்போரும் உள்ளனர். பணத்துக்காக விலங்குகளை வேண்டுமென்றே ஆபத்தில் மாட்டி, மீட்பதுபோலப் படம் எடுப்பதை விலங்குநல அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று 2024இல் அறிக்கையாக வெளியிட்டது.

பணம் அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை:

1. நாய் எந்த ஊரில், எந்தக் கால்நடை வைத்தியரிடம் உள்ளது? அவருடைய இலக்கத்தை நாமே தேடி எடுத்துப் பேச வேண்டும்.

2. படத்தைக் கூகிள் லென்ஸில் தேடலாம். பழைய ஆண்டில், வேறு நாட்டில் வந்திருந்தால் அது எடுத்தாண்ட படம். ஒன்றும் அகப்படாவிட்டால் உண்மை என்றும் முடிவு செய்யக்கூடாது.

3. வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது?

4. அவசரப்படுத்திவிட்டுக் கேள்விக்கு விடை தராதவருக்கு அனுப்பக்கூடாது.

நிவாரணம் தருமுன் எம்மையும் கிராம அலுவலர் விசாரித்தார். விசாரிப்பது இரக்கமின்மை அல்ல. நல்ல சமாரியர் பணத்தைச் சாவடிக்காரரிடமே கொடுத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். நாமும் வைத்தியரிடமே கட்டணத்தைச் செலுத்தி, பின்னர் நாயின் நிலையைக் கேட்டறிவோம்.